தவறென்று தெரிந்தேதான் தோண்டினார்கள்

1869 மார்ச் 3-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில் வில்லியம் லான் என்ற மாலுமி நோயில் இறந்தார். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வேலை பார்த்தவர். வயது முப்பதுகளின் நடுவில்தான் இருக்கும். துறைமுகத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. டாஸ்மேனியப் பூர்வகுடிகளில் கலப்பில்லாத கடைசி ஆண் இவர்தான் என்று வெள்ளையர்கள் அவர்மேல் ஒரு முத்திரை குத்தியிருந்தார்கள். அந்த முத்திரைதான் இறந்த பிறகும் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

உடலை ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்திருந்தார்கள். எலும்புக்கூடு எங்களுக்கு வேண்டும் என்று இரண்டு தரப்பு அரசாங்கத்திடம் கேட்டது. ஒன்று, அருங்காட்சியகத்தைத் தன் கையில் வைத்திருந்த டாஸ்மேனிய ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம். இன்னொன்று, டாக்டர் வில்லியம் குரோத்தர். அவர் அதை லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸுக்கு அனுப்ப நினைத்தார். அடக்கம் செய்யச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. குரோத்தர் அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்த டாக்டர் ஸ்டோக்கலைத் தன் வீட்டுக்கு அழைத்துவிட்டு, அவர் அங்கே போயிருந்த நேரத்தில் பிணவறைக்குள் நுழைந்தார். தலைத் தோலைக் கீறி மண்டையோட்டை உருவினார். முகம் தொய்ந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, அங்கே கிடந்த இன்னொரு பிணத்தின் மண்டையோட்டை உள்ளே செருகி மூடினார். ராயல் சொசைட்டிக்கு விஷயம் எட்டியது. முழு எலும்புக்கூடு யாருக்கும் கிடைத்துவிடக் கூடாதென்று அந்தத் தரப்பு உடலின் கைகளையும் பாதங்களையும் வெட்டி எடுத்துக்கொண்டது.

மறுநாள் சவ ஊர்வலம். கூட வேலை பார்த்த மாலுமிகள் தூக்கிப் போனார்கள். நூறு பேருக்கு மேல் பின்னால் நடந்தார்கள். அன்றிரவே கல்லறையைத் தோண்டி மிச்ச உடலையும் கொண்டுபோய்விட்டார்கள். செருகி வைத்த மண்டையோடு மட்டும் வேண்டாத பொருளாகக் குழியோரம் கிடந்தது.

விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் விசாரணை வைத்தது. குரோத்தர் ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் அதே குரோத்தருக்கு லண்டன் கல்லூரி தங்கப் பதக்கம் கொடுத்தது. பத்து வருஷம் போவதற்குள் அவர் டாஸ்மேனியக் காலனியின் பிரதமராகவும் ஆனார். 1889-ல் நகரின் நடுவே சிலையும் எழுந்தது. அந்தச் சிலையை அகற்ற நகர மன்றம் முடிவெடுக்க 2022 வரை ஆனது. 2024 மே மாதம், அகற்றுவது பற்றிய வழக்கு தீர்ப்பாயத்தில் இருந்தபோதே, யாரோ அதைக் கணுக்காலோடு அறுத்துத் தள்ளினார்கள்.

இந்தக் கதையை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. காலனிய காலத்து அருங்காட்சியகங்கள் பூர்வகுடிகளின் எலும்புகளையும் புனிதப் பொருட்களையும் குவித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு சமாதானம் தயாராக வந்து நிற்கும். அந்தக் காலம் அப்படி, அன்றைய மனிதர்களுக்கு அது தவறாகவே படவில்லை, இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டுபோய் அவர்களை அளக்காதீர்கள் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பதிவுகளைப் புரட்டினால் அது நிற்பதில்லை. இறந்தவரின் சொந்தங்களுக்கு அது அக்கிரமம் என்று தெரியும், ஊருக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியும். எடுத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர் எதற்காக இரவில் வர வேண்டும், எதற்காக வேறொரு மண்டையோட்டை உள்ளே வைத்து மறைக்க வேண்டும்?

லானுக்கு நேர்ந்ததை உயிரோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ட்ருகானினி. புரூனி தீவில் 1812 வாக்கில் பிறந்தவர். இளம் வயதிலேயே வெள்ளையர்களின் வன்முறையில் தாயை இழந்தவர். லானுக்குப் பிறகு அடுத்தது தன் உடல்தான் என்ற பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. என்னை வெட்ட விடாதீர்கள், மலைகளுக்கு அப்பால் புதைத்துவிடுங்கள் என்று சாகும் தறுவாயில் டாக்டரிடம் கெஞ்சியதாகப் பதிவு இருக்கிறது. 1876 மே மாதம் இறந்தார். அரசாங்கம் அவரைக் காஸ்கேட்ஸில் பழைய பெண்கள் சிறை வளாகத்துக்குள் அடக்கம் செய்தது. இரண்டே வருஷம். 1878-ல் ராயல் சொசைட்டி அனுமதி வாங்கித் தோண்டி எடுத்துவிட்டது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கூடாது, அறிவியலாளர்கள் மட்டுமே பார்க்கலாம் என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. 1904-லிருந்து 1947 வரை ட்ருகானினியின் எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில், யாரும் வந்து பார்க்கும்படி, கண்ணாடிக்குள் நின்றது. 1976-ல்தான், இறந்து நூறு வருஷம் கழித்து, அவரைத் தகனம் செய்து சாம்பலை அவர் பிறந்த தீவை ஒட்டிய கால்வாயில் கரைத்தார்கள். அதோடும் முடியவில்லை. அவருடைய முடியும் தோலும் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் இருப்பது தெரிந்து 2002-ல் திரும்பி வந்தன.

ட்ருகானினியைக் கடைசி டாஸ்மேனியர் என்று பள்ளிப் பாடங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அது பொய். ஃபேனி கோக்ரேன் ஸ்மித் என்ற டாஸ்மேனியப் பெண் 1905 வரை வாழ்ந்தார். 1899-ல் அவர் தன் மொழியில் பாடியதை மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு நடந்த இடம் அதே ராயல் சொசைட்டியின் அறை. ஒரு பெண்ணின் எலும்பை "அழிந்துபோன இனம்" என்று வைத்துக்கொண்டிருந்த அமைப்பு, அதே இனத்தின் இன்னொரு பெண் எதிரே நின்று பாடியதைக் கேட்டிருக்கிறது. இன்றும் டாஸ்மேனியாவில் ஆயிரக்கணக்கான பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். எலும்புகளுக்காக ஐம்பது வருஷமாக லண்டனோடும் எடின்பரோவோடும் போராடி வருபவர்கள் அவர்கள்தான்.

சரி, ஒரு மனிதரின் மண்டையோட்டுக்காக இத்தனை அடிதடி எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனித இனங்களை ஏணிப்படியாக அடுக்கும் ஒரு படிப்பு பெரிதாக வளர்ந்தது. அமெரிக்காவில் சாமுவேல் மோர்ட்டன் மண்டையோடுகளுக்குள் விதைகளை நிரப்பிக் கொள்ளளவை அளந்து, எந்த இனத்துக்கு மூளை பெரிது என்று 1839-ல் பெரிய நூலே போட்டார். முடிவு அளப்பதற்கு முன்பே தெரிந்ததுதான்: மேலே ஐரோப்பியர், கீழே கறுப்பர். இந்த அளவைக்குச் சரக்கு வேண்டும். அதுவும் அரிதான சரக்கு. டாஸ்மேனியர்கள் மனிதகுலத்தின் ஏணியில் அடிமட்டப் படி, அதோடு சீக்கிரம் மறைந்துவிடுவார்கள் என்று ஐரோப்பா நம்பியது. ஆகவே கிராக்கி ஏறியது.

மறைந்துவிடுவார்கள் என்று இயற்கை விதி போலச் சொன்னார்கள். உண்மையில் நடந்தது என்ன? 1820-களில் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலம் பறிபோனது, சண்டை மூண்டது. 1828-ல் ராணுவச் சட்டம் வந்தது. 1830-ல் சிப்பாய்கள், குடியேறிகள், கைதிகள் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் வரிசை கட்டி நின்று பூர்வகுடிகளைத் தீவின் ஒரு மூலைக்கு விரட்டப் பார்த்தார்கள். மிஞ்சியவர்களை அரசாங்கம் அனுப்பிய ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் பேசிச் சமாதானப்படுத்தி ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே நோயில் செத்துக் குறைந்தார்கள். 1847-ல் ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்துக்கு மாற்றியபோது எண்ணிக்கை 47. அரிது என்று அருங்காட்சியகங்கள் போட்டி போட்ட அந்த அரிதை உண்டாக்கியது அதே காலனி ஆட்சி. ஒரு கை கொன்றது, இன்னொரு கை சேகரித்தது. இரண்டையும் பிரித்துப் பேச என்னால் முடியவில்லை.

சேகரித்த வலை எப்படி இயங்கியது என்பதும் முக்கியம். லண்டனிலும் எடின்பரோவிலும் பாரிஸிலும் பெர்லினிலும் பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் படித்த டாக்டர்கள் பேரரசின் மூலை முடுக்கெல்லாம் வேலைக்குப் போனார்கள். சிறை டாக்டர், ஆஸ்பத்திரி டாக்டர், கப்பல் டாக்டர், பட்டாள டாக்டர். சொந்தம் கேட்டு வராத உடல் அவர்கள் கையில்தான் முதலில் வரும். பழைய வாத்தியாருக்கு ஒரு பெட்டி அனுப்பினால் நன்றிக் கடிதம் வரும், ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரும், குரோத்தருக்குப் போலப் பதக்கமும் வரலாம். ஜோசஃப் பர்னார்ட் டேவிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வீட்டிலிருந்தபடியே சுமார் 1,700 மண்டையோடு, எலும்புக்கூடுகளைச் சேர்த்தார். நான் அங்கே இருந்தால் உடலின் தோற்றம் கெடாமலேயே மண்டையோட்டை எடுத்துவிடுவேன், எந்த டாக்டருக்கும் அதைக் கற்றுத்தருவேன் என்று அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஹோபார்ட் பிணவறையில் நடந்தது ஒரு தனிமனிதரின் வெறி மட்டும் இல்லை என்பதற்கு அந்தக் கடிதம் போதும். தோற்றம் கெடக் கூடாது என்ற கவலை யாருக்காக? சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காக.

ஹோபார்ட் ஒரு விதிவிலக்கு என்று நினைப்பவர்களுக்கு இன்னும் மூன்று இடங்களைக் காட்டலாம்.

முதலாவது கனடாவின் மேற்குக் கரை, 1888. இளம் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் அங்கே பூர்வகுடிக் கல்லறைகளிலிருந்து மண்டையோடுகளை எடுத்தார், வாங்கினார். அன்றைய விலை மண்டையோடு ஒன்றுக்கு 5 டாலர், முழு எலும்புக்கூட்டுக்கு 20 டாலர். கல்லறையிலிருந்து எலும்பு திருடுவது மிகவும் அருவருப்பான வேலை, ஆனால் என்ன செய்ய, யாராவது செய்துதானே ஆக வேண்டும் என்று தன் குறிப்பில் எழுதினார். திருடுவது என்ற சொல் அவர் கையாலேயே எழுதியது. ராத்திரியெல்லாம் மண்டையோடும் எலும்பும் கனவில் வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். பின்னாளில் இனவாத அறிவியலை எதிர்த்து யாரும் செய்யாத அளவுக்குப் போராடியவர் இதே போவாஸ். அந்தப் பெருமையை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் 1888-ல் அவர் தெரியாமல் செய்தார் என்று மட்டும் சொல்ல முடியாது.

இரண்டாவது அயர்லாந்து. 1890 ஜூலையில் ஆல்ஃப்ரட் ஹேடன், நண்பர் ஆண்ட்ரூ டிக்ஸனோடு இனிஷ்போஃபின் தீவில் இறங்கினார். பாழடைந்த மடத்துக் கல்லறையில் 13 மண்டையோடுகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு போய் எடுத்தார்கள். சாக்கில் என்ன என்று படகுக்காரர்கள் கேட்டபோது, வீட்டில் காய்ச்சிய சாராயம் என்று பொய் சொன்னார்கள். இதையெல்லாம் ஹேடனே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்த அவை, தீவு மக்கள் விடாமல் கேட்டதால் 2023 ஜூலையில் ஊர் திரும்பி அடக்கமாயின. பிரிட்டிஷ் மானுடவியலின் முன்னோடிகளில் ஒருவர் என்று ஹேடனைப் பாடப்புத்தகங்கள் சொல்லும்.

மூன்றாவது நியூயார்க். எனக்கு இதுதான் தாங்க முடியாதது. துருவப் பயணி ராபர்ட் பியரி 1897-ல் கிரீன்லாந்திலிருந்து ஆறு இனுயிட் மக்களைக் கப்பலில் கூட்டிவந்தார். அவர்களை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் தங்கவைத்தார்கள். காசநோய் தாக்கி நாலு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிசுக். அவருடைய மகன் மினிக்குக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அப்பாவை அடக்கம் செய்ததைப் பையன் பார்க்க வேண்டுமே என்று, அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு மரக்கட்டையைத் துணியில் சுற்றி, கல் அடுக்கி, லாந்தர் வெளிச்சத்தில் ஒரு பொய்ச் சடங்கு நடத்தினார்கள். கிசுக்கின் உடல் வெட்டுமேசைக்குப் போயிருந்தது. எலும்புகள் சேகரிப்பில் சேர்ந்தன. சில வருஷம் கழித்து மினிக்குக்கு உண்மை தெரிந்தது. அப்பாவைக் கொடுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. 1918-ல் நச்சுக்காய்ச்சலில் இறந்துபோனார். அந்த நாலு பேரின் எலும்புகளும் 1993-ல்தான் கிரீன்லாந்தின் கானாக் ஊருக்குத் திரும்பின. ஒரு குழந்தை எப்படி அழும் என்று தெரியாதவர்கள் மரக்கட்டைக்குத் துணி சுற்றியிருக்க மாட்டார்கள்.

எலும்பு மட்டும் போகவில்லை. முகமூடி, தூண், போர்வை, பிரார்த்தனைச் சட்டை என்று பொருட்களும் போயின. அவை போன விதம் சில நேரம் இன்னும் சட்டபூர்வமானது, அதனாலேயே இன்னும் கொடுமையானது. கனடாவில் பசிபிக் கரைப் பூர்வகுடிகளின் பாட்லாட்ச் என்ற கொடை விழாவை 1885-ல் தடை செய்தார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு, பட்டம் எல்லாவற்றையும் ஊர் முன்னிலையில் உறுதி செய்யும் விழா அது. 1921 டிசம்பரில் டான் கிரான்மர் என்பவர் ஒரு தீவில் ரகசியமாகப் பெரிய பாட்லாட்ச் நடத்தினார். அரசு முகவர் வில்லியம் ஹாலிடே 45 பேரைப் பிடித்தார். ஊரின் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்பது பேரம். சிலர் ஒப்படைத்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான பொருட்கள் ஒட்டாவாவின் அருங்காட்சியகத்துக்குப் போயின. கொஞ்சத்தை ஜார்ஜ் ஹை என்ற நியூயார்க் சேகரிப்பாளர் வாங்கிக்கொண்டார். தடை 1951-ல் சட்டத்திலிருந்து நீங்கியது, பொருட்கள் 1979, 1980 ஆண்டுகளில்தான் வரத் தொடங்கின. அதில் ஒரு முகமூடி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. 2005-ல் அதைக் கொடுத்தார்கள், நீண்டகாலக் கடனாக. சொந்தக்காரருக்கே கடன்.

நாங்கள் எடுத்து வைத்திருக்காவிட்டால் இவையெல்லாம் அழிந்திருக்கும் என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். பாட்லாட்ச் நடத்திய அந்தக் கரை மக்களின் முகமூடிகளை அழிவிலிருந்து யாரும் காப்பாற்றவில்லை. அவர்கள் கையிலிருந்து பிடுங்கினார்கள்.

நம் பக்கம் வருவோம். இந்த வலைக்குள் தென்னிந்தியாவும் இலங்கையும் அந்தமானும் நாகா மலைகளும் இருந்தன.

சென்னைக்காரர்கள் செத்த காலேஜ் என்று அழைத்த எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை எட்கர் தர்ஸ்டன் தலைவராக இருந்தார். சாதி வாரியாகத் தலையையும் மூக்கையும் அளப்பதில் அவருக்குத் தீராத ஈடுபாடு. கருவிகளைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிப்போனார்கள், தங்களில் நல்ல உடல்களைப் பொறுக்கியெடுத்துப் பாடம்செய்து மதராஸ் மியூசியத்தில் வைக்கப்போகிறேன் என்று பயந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து நிற்க மறுத்தாராம். இவற்றை அறியாமையாக, ரசிக்கத்தக்க கதையாகத்தான் தர்ஸ்டன் சொல்கிறார். ட்ருகானினிக்கு நேர்ந்ததை அறிந்த பிறகு படிக்கும்போது அந்தப் பெண்கள் ஓடியது எனக்குப் புத்திசாலித்தனமாகவே படுகிறது. அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதை அவர்கள் சரியாகத்தான் கணித்திருந்தார்கள்.

எடின்பரோவில் வில்லியம் டர்னர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் இருந்தார். பழைய மாணவர்கள் உலகெங்குமிருந்து அனுப்பியதெல்லாம் அவரிடம் குவிந்தது. இந்தியப் பேரரசு மக்களின் மண்டையோடுகள் பற்றி அவர் தொடராகக் கட்டுரைகள் வெளியிட்டார். 1906-ல் வந்த பகுதியில் சென்னை மாகாணத்தவர், இலங்கையின் பூர்வகுடிகளான வேடர், திபெத்தியர், அத்தோடு தூக்கிலிடப்பட்ட தக்கர் என்ற வழிப்பறிக்காரர்கள் வருகிறார்கள். இவர்களுக்கெல்லாம் பெயர் கிடையாது. சாதி, ஊர், சில நேரம் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அடையாளம். யாருடைய தாத்தா, யாருடைய அக்கா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இலங்கை வேடர்கள்மேல் ஐரோப்பாவின் கண் தனியாக விழுந்திருந்தது. தெற்காசியாவின் மிகப் பழைய மனிதர் இவர்கள்தான் என்று பெர்லினில் ருடால்ஃப் விர்கோ 1881-ல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துப் பணக்கார உறவினர்களான பால், ஃபிரிட்ஸ் சரசின் இருவரும் 1883-லிருந்து பலமுறை இலங்கைக்கு வந்து வேடர் எலும்புக்கூடுகளைத் தேடித் தேடி எடுத்துப்போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழரையும் சிங்களவரையும் அளந்தார்கள். அந்தமானில் 1858-ல் தண்டனைக் குடியேற்றம் வந்தது, 1877-ல் தட்டம்மை வந்து மக்களை வாரிக்கொண்டு போனது. 1879-ல் லண்டனில் வில்லியம் ஃபிளவர் அந்தமானியர் எலும்புகள் பற்றிய நீண்ட ஆய்வை வெளியிட்டுவிட்டார். டாஸ்மேனியாவில் நடந்த அதே வரிசை.

எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 நவம்பரில் ஒன்பது வேடர் மண்டையோடுகளைத் திருப்பிக் கொடுத்தது. தம்பானையிலிருந்து வேடர் தலைவர் ஊருவரிகே வன்னியலெத்தோ நேரில் போய் வாங்கினார். தங்கள் இறந்தோரின் எச்சங்களுக்கும் உயிரோடிருக்கும் சந்ததிக்கும் உள்ள உறவு தங்களுக்கு முக்கியம் என்று அங்கே பேசினார். இந்தச் செய்திக்கு நம் பத்திரிகைகளில் கிடைத்த இடம் மிகவும் குறைவு என்பது என் வருத்தம்.

திருப்பிக் கொடுப்பது லேசில் நடந்துவிடுவதில்லை. பிரிட்டனில் தேசிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்று சட்டமே தடுத்தது. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். 2004-ல் வந்த மனிதத் திசுச் சட்டம்தான், ஆயிரம் வருஷத்துக்கு உட்பட்ட மனித எச்சங்களை மட்டும் கொடுக்கலாம் என்று ஒன்பது நிறுவனங்களுக்கு வழிவிட்டது. அதன்படி 2006-ல் பிரிட்டிஷ் மியூசியம், ராபின்சன் சேகரித்த இரண்டு சாம்பல் முடிச்சுகளை டாஸ்மேனியருக்குக் கொடுத்தது. இறந்தவரின் சாம்பலை விலங்குத் தோலில் முடிந்து, நோய் அண்டாமலிருக்க உடலோடு அணிந்துகொள்வது அவர்கள் வழக்கம். அதாவது, உயிரோடிருந்த ஒருவரின் உடம்பிலிருந்து கைமாறியவை அவை.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு மல்லுக்கட்டு இன்னும் பெரிது. 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. தப்பிய எலும்புகள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தன. 17 டாஸ்மேனியரின் எச்சங்களைக் கொடுக்க 2006-ல் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஸ்கேன், அச்சு, டிஎன்ஏ எல்லாம் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். எங்கள் முன்னோரைத் துளையிடாதீர்கள் என்று டாஸ்மேனியப் பூர்வகுடி மையம் 2007-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போய்த் தடை வாங்கியது. கடைசியில் சமரசம். எலும்புகள் வீடு வந்தன. அதற்குள் எடுத்துவிட்ட டிஎன்ஏ மாதிரிகள் டாஸ்மேனியாவிலேயே இரு தரப்பின் பொறுப்பில் இருக்கும் என்று முடிவானது. ட்ருகானினி கேட்டதும் இதைத்தான். நூற்று முப்பது வருஷம் கழித்தும் அதே கோரிக்கையை நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும்விட வலுவானது. அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு அருங்காட்சியகமும் தன்னிடமுள்ள பூர்வகுடி எச்சங்களைப் பட்டியல் போட வேண்டும், சொந்தக்காரரைத் தேட வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. எந்த இனக்குழு என்று அடையாளம் காண முடியவில்லை என்று எழுதிவிட்டால் எலும்பு அலமாரியிலேயே இருந்துவிடும். அடையாளத்தைக் குறிக்காமல் எடுத்தவர்களே பிறகு அடையாளம் இல்லை என்று காரணம் காட்டினார்கள். சட்டம் வந்து முப்பது வருஷம் தாண்டிய 2023 தொடக்கத்திலும் 1,10,000 பேருக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் திரும்பாமல் இருந்தன. 2024 ஜனவரியில் விதிகளை இறுக்கி, முன்கூட்டிச் சம்மதம் வாங்காமல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்றார்கள். மினிக்கின் அப்பாவை வைத்திருந்த அதே நியூயார்க் அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களை மூடியது.

இப்போது இந்தியா நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்கும் விவகாரம் நாகாலாந்துடையது. நாகா பொருட்களின் உலகிலேயே பெரிய சேகரிப்பு ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாகா மலைகளை ஆண்ட அதிகாரிகள் ஹட்டன், மில்ஸ் ஆகியோர் அனுப்பியவைதான் அதில் பெரும்பங்கு. வரி வாங்கியவர், தண்டித்தவர், ஊரை எரிக்க உத்தரவிடும் அதிகாரம் படைத்தவர் ஒரு பொருளைக் கேட்டால், கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா என்று எப்படிச் சொல்வது? 2020-ல் அந்த அருங்காட்சியகம் சுமார் 120 மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்தது. நாகா மண்டையோடுகளும் அதில் அடக்கம். டாலி கிக்கோன், அர்க்கோட்டோங் லோங்குமர் போன்ற நாகா ஆய்வாளர்களும் நாகா நல்லிணக்க மன்றமும் அதன்பிறகு ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேச ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஓர் ஏல நிறுவனம் கொம்பு பொருத்திய நாகா மண்டையோடு ஒன்றை 3,500 முதல் 4,000 பவுண்டு மதிப்பிட்டு ஏலத்துக்கு வைத்தது. முதல்வர் நெய்பியூ ரியோ வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கண்டனம் கிளம்பவே பின்வாங்கினார்கள். 2025 ஜூனில் நாகா பெரியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய் முன்னோரைத் திரும்பக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்.

அவர்கள் முன் இருக்கும் கேள்விகள் சுலபமானவை இல்லை. அந்த மண்டையோடுகளில் பல, ஒரு ஊர் இன்னொரு ஊரிடமிருந்து தலை கொய்து வந்த காலத்தவை. அப்படியானால் சொந்தம் கொண்டாட வேண்டியது எந்த ஊர்? இன்று நாகாக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நூறு வருஷம் வெளிநாட்டில் இருந்த முன்னோரை வரவேற்று அடக்கம் செய்யப் பழைய மரபில் சடங்கு இல்லை, சர்ச்சிலும் இல்லை. புதிதாக ஒன்றை எல்லாரும் கூடி உருவாக்க வேண்டும். அவசரப்படாமல், ஊர்களுக்குள் பழைய காயம் கிளறாமல் செய்ய வேண்டும் என்று அவர்கள் நிதானமாகப் போவது எனக்குச் சரியாகவே படுகிறது. அப்புறம், தாமதத்தைக் காரணம் காட்டி ஆக்ஸ்ஃபோர்ட் சும்மா இருந்துவிடவும் கூடாது.

டெல்லிக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பூர்வகுடி எச்சங்களைத் திருப்பித் தருவதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் சேகரித்தவர்கள் எல்லாவற்றையும் கப்பலேற்றிவிடவில்லை. பர்மா எல்லை நாகா மலைகளுக்கு 1926-27-ல் போன அரசுக் குழு கொண்டுவந்த மனித எலும்புகள் கல்கத்தாவில் ஆராயப்பட்டு, 1931-ல் அறிக்கையே அச்சாகியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிடம் நாகாக்கள் முதலில் கேட்டது பட்டியல்தான்: என்ன இருக்கிறது, யார் எடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம். கொல்கத்தாவும் சென்னையும் தங்கள் அலமாரிகளுக்கு அதே பட்டியலைத் தயாரித்து, அந்தமானிலும் நாகாலாந்திலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் இருக்கிற மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க அவசியமில்லை.